ஊற்றுக்குக் காவல், ஓடைக்கு மூடி

அகஸ்தியர் வாசம் செய்வதாகத் தமிழ் மக்கள் பக்தியோடு நம்பிவரும் பொதிகை மலைக்குக் கிழக்கு முகம் ஒன்றும் மேற்கு முகம் ஒன்றும் உண்டு. கிழக்கு முகத்தில் பிறக்கும் பொருநை, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, திருநெல்வேலிச் சீமையின் வயல்களையெல்லாம் நனைத்துக்கொண்டு, புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கிறது. அதைப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை என்றே சொல்லலாம். மேற்கு முகத்தில், செம்முஞ்சி மொட்டை, அதிருமலை என்னும் சிகரங்களின் அடிக்காட்டில் உற்பத்தியாகும் கரமனையாறோ, நம்மில் பெரும்பாலோர் பெயர்கூட அறியாத ஆறு. எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரமே ஓடி, கோவளத்துக்கு அருகில் அரபிக்கடலைச் சேர்ந்துவிடும் அந்தச் சிறிய நதியின் ஜலத்தைக் குடித்துத்தான் திருவனந்தபுரம் என்னும் தலைநகரம் உயிர் வாழ்கிறது.

அந்த ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறது போனக்காடு. நகரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் ஏறிச் சென்றால் வரும் அந்த இடத்தில், ஆங்கிலேயர் காலத்தில் உண்டாக்கப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்று இருந்தது. இருந்தது என்று சொல்வதா, இருக்கிறது என்று சொல்வதா என்பதை அங்கே வாழ்பவர்களாலேயே நிச்சயித்துச் சொல்ல முடியாது. கொழுந்து பறிப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், இன்றும் வீட்டுக்குள் தமிழும் வெளியே மலையாளமுமாகப் பேசிக்கொண்டு, ஓடு சரிந்த லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஓய்ந்து ஆண்டுகள் பலவாகியும், தங்களுக்கு வரவேண்டிய பாக்கி என்றேனும் வரும் என்னும் நம்பிக்கையை அவர்கள் முற்றிலும் கைவிடவில்லை. தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் பேய் நடமாடுவதாகக் கதை பரவியிருப்பதால், அதைப் பார்ப்பதற்காக நகரத்து இளைஞர்கள் வருகிறார்கள். பேயைத் தேடி வருகிறவர்களுடைய கண்ணில் பக்கத்து லயத்துப் பசி படுவதில்லை என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

இங்கே குறிப்பிட விரும்புவது வேறு. போனக்காட்டுக்குச் செல்லும் பாதையில் காணித்தடம் என்னும் இடத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. அதற்கு அப்பால் செல்கிறவர் எவராயினும் தம்மைப் பற்றிய விவரம் சொல்லியாக வேண்டும். பொதிகையின் சிகரமாகிய அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர் பிளாஸ்டிக் குப்பையை மலையில் விட்டுவரக் கூடாது. காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டு பேப்பாறையில் அணை எழுந்து, அதைச் சூழ்ந்த வனம் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, அந்த நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தில் காணிக்காரர் என்னும் பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளரும் எங்கே நடக்கலாம், எதைத் தொடலாம் என்பதெல்லாம் விதிகளுக்கு உட்பட்டுவிட்டது. இந்த விதிகள் நியாயமானவை; இவை இல்லாதிருந்தால் அந்த ஆறு என்றோ கெட்டுப் போயிருக்கும். ஆனால் ஊற்றுக்கண்ணில் வாழும் ஏழை ஜனங்களிடம் இத்தனை கண்டிப்போடு சுத்தத்தை வசூலிக்கும் ஒரு நகரம், தன் சொந்த வாசலில் ஓடிய நன்னீரை என்ன செய்தது என்று விசாரிக்க நமக்கு உரிமை உண்டு. விசாரித்துப் பார்த்தால், தன் ஓடைகளை அது கழிவுக்கு ஒப்புக்கொடுத்தது என்பதும், பிறகு அவற்றின்மேல் மூடி போட்டது என்பதும், மூடிய பிறகு அவை யாருடையவை என்று அலுவலகங்கள் ஒன்றோடொன்று வழக்காடத் தொடங்கின என்பதும் தெரியவரும்.

திருவனந்தபுரம் குன்றுகளின் மேல் எழுந்த ஊர். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலங்களிலும் சேர்ந்து ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் அவ்வூரில், குன்றுகளுக்கிடையே உள்ள பள்ளங்கள் எல்லாம் இயல்பாகவே நீரோடும் வழிகளாகவும், வழிகளின் இரு கரையும் வயல்களாகவும், வயல்களின் ஓரம் குளங்களாகவும் அமைந்திருந்தன. அனிழம் திருநாள் மார்த்தாண்டவர்மர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழரான ராமய்யன் தளவாயைத் துணையாகக் கொண்டு, திருவிதாங்கூர் ராஜ்யத்தை விரிவுபடுத்தி, 1750ஆம் ஆண்டு அதைப் பத்மநாபசுவாமியின் பாதத்தில் சமர்ப்பித்த வரலாறு பலருக்கும் தெரிந்ததே. அவர் காலத்தில் நடந்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பிரசித்தி பெறவில்லை. கரமனையாற்றின் துணையாறாகிய கிள்ளியாற்றிலிருந்து கொச்சாறு என்னும் கால்வாயை வெட்டி, கோயிலின் எதிரே உள்ள பத்மதீர்த்தக் குளத்துக்கு ஓடும் நீரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குளத்து நீர் தேங்கி நின்றால் கெட்டுப்போகும், ஆற்று நீர் இடைவிடாது வந்துகொண்டிருந்தால் தானே தெளியும் என்னும் எளிய சாஸ்திரம் அக்காலத்துத் தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குக் கொச்சாற்றின் பாதையைத் தேடிப் போகிறவர், சில இடங்களில் சாக்கடையையும் சில இடங்களில் வீட்டுச் சுவரையும் சில இடங்களில் ரோட்டையும் காண்பாரே ஒழிய, ஆற்றைக் காணமாட்டார்.

தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து 1795ஆம் ஆண்டு திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதற்குப் பின் வந்த அரசிகளும் அரசர்களும் நீரைப் புறக்கணித்துவிடவில்லை. ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் 1820களில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு, வள்ளக்கடவிலிருந்து வடக்கே கடினங்குளம் வரை படகுகள் செல்ல வழி செய்தது; சாலைக் கம்போளத்துக்கு வரும் சரக்கு அந்த நீர்வழியே வந்தது. படகும் சரக்கும் ஓடும் நீரை யாரும் குப்பைக்கூடையாக நினைப்பதில்லை. பிரயோஜனம் இருந்த வரையில் அந்த நீருக்கு மரியாதையும் இருந்தது. இன்றைக்குப் புத்தனாற்றின் கரையில் நிற்பவருக்குக் கண்ணில் படுவது ஆகாயத்தாமரை; மூக்கில் படுவதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்த மரியாதை எப்போது போயிற்று என்று யோசித்தால், நாம் முன்னேற்றம் என்று கொண்டாடும் ஓர் ஆண்டில் போய் நிற்கிறோம். 1933ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், கரமனையாற்றை அருவிக்கரையில் தடுத்துக் குழாய் மூலம் நகரத்துக்குக் கொண்டுவரும் நீர் விநியோகத் திட்டத்தை வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு தொடங்கிவைத்தார். அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் மனம் வராது. காலராவும் பேதியும் அடிக்கடி வந்துபோன ஊர்களில் வடிகட்டிய நீர் தெருக்குழாயில் வந்தது எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அதே குழாய், குளத்தையும் ஓடையையும் நகர மக்களின் தேவையிலிருந்து நீக்கியது. குடிக்கும் நீர் மலையிலிருந்து வரத் தொடங்கிய பிறகு, வாசலில் ஓடும் நீர் சுத்தமாக இருக்கவேண்டிய அவசியம் என்ன? அவசியம் நீங்கியதும் அக்கறை நீங்கியது; அக்கறை நீங்கிய இடத்தில் அசுத்தம் குடியேறியது; அசுத்தம் பொறுக்க முடியாமற்போன நாளில் அதன்மேல் கான்கிரீட் பலகை ஏறியது. உலகத்து நகரங்கள் பெரும்பாலானவற்றிலும் ஓடைகள் மாண்ட வரிசைக்கிரமம் இதுவே.

திருவனந்தபுரத்தில் இந்தக் கதையின் கதாநாயகன் ஆமயிழஞ்சான் தோடு. வானாராய்ச்சிக்காக சுவாதித் திருநாள் மகாராஜா 1837ஆம் ஆண்டு நிறுவிய நட்சத்திர நிலையத்தால் பெயர் பெற்ற அப்சர்வேட்டரிக் குன்றின் சரிவில் தொடங்கி, தம்பானூர், பழவங்காடி, தகரப்பறம்பு, வஞ்சியூர், பாட்டூர், கண்ணம்மூலை வழியாகச் சுற்றி, ஆக்குளம் ஏரியில் போய்ச் சேர்வது அந்த ஓடை. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அருவிக்கரையிலிருந்து ஏற்றப்படும் கரமனையாற்று நீரை நகரத்துக்குப் பகிர்ந்தளிக்கும் பெரிய தொட்டிகள் அமைந்திருப்பதும் அதே குன்றின் மேல்தான். உச்சியில் போனக்காட்டின் ஜலம் பூட்டிய தொட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. சரிவில் பிறக்கும் நகரத்தின் சொந்த ஜலம் பிறந்த சில நாழிகைக்குள் சாக்கடையாகிவிடுகிறது.

அந்த ஓடையின் துர்ப்பாக்கியம் தம்பானூரில்தான் முற்றுகிறது. சுற்றிலும் மேடுகள் சூழ்ந்திருக்க, நடுவே தாழ்ந்து கிடக்கும் பிரதேசம் தம்பானூர். மழைநீர் எல்லாத் திசையிலிருந்தும் வந்து கூடி வடியவேண்டிய பள்ளம் அது. கொல்லத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1918ஆம் ஆண்டு நகரின் எல்லை வரை வந்து, 1931ஆம் ஆண்டு தம்பானூர் வரை நீட்டப்பட்டது. அந்த ஸ்டேஷன் நாளடைவில் பிளாட்பாரத்துக்கு மேல் பிளாட்பாரமாக விரிந்தபோது, குறுக்கே வந்த ஓடையைத் திருப்பிவிட வழியில்லாமையால், தண்டவாளங்களுக்கும் நடைமேடைகளுக்கும் அடியில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கம் ஒன்றுக்குள் அது புகுத்தப்பட்டது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான பிரயாணிகள் கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் வண்டி ஏறுகிறார்கள். காலுக்குக் கீழே ஓர் ஓடை இருட்டில் ஓடிக்கொண்டிருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓடையை மூடினால் என்ன நேரும் என்பதற்குப் பெரிய பொறியியல் ஞானம் தேவையில்லை. சரிவு குறைந்த இடத்தில் நீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலை அங்கேயே இறக்கிவிடுகிறது. திறந்த ஓடையாயிருந்தால் கரையில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அது தெரியும், கோடைதோறும் தூர்வாரவும் முடியும். மூடிய சுரங்கத்துக்குள் வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது வெள்ளம் வரும் நாளில்தான் தெரியவருகிறது. வண்டலோடு பிளாஸ்டிக் பைகளும் புட்டிகளும் சேர்ந்து சுரங்கத்தின் வாயை அடைக்க, மேலிருந்து வரும் மழைநீர் பின்வாங்கி, பேருந்து நிலையத்தின் முன்னும் எஸ்.எஸ். கோவில் ரோட்டிலும் இடுப்பளவுக்கு நிற்கிறது. மறுமுனையிலும் தொல்லை உண்டு. ஆக்குளம் ஏரியின் நீர் வேளிக்குச் சென்று, அங்கே கடலோரத்து மணல்திட்டை உடைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். மீனவர்கள் பொழி என்று சொல்லும் அந்த முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் வேளையில் பெருமழை பெய்தால், ஏரி உயர்ந்து ஓடையை எதிர்க்கும். ஆகவே தம்பானூரில் தேங்கும் தண்ணீருக்குத் தம்பானூரில் மட்டும் மருந்து தேடுகிறவர்கள் வேளிக் கடற்கரையை மறந்துவிடுகிறார்கள்.

2024ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி, இந்த அலட்சியத்துக்கு ஓர் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது. ரயில்வேயின் ஒப்பந்தப் பணியாகச் சுரங்கத்தின் அருகே குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர், மழையால் திடீரென்று பெருகிய நீரில் சுரங்கத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையின் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. சாக்கடை சுத்தம் செய்வதற்கென்று கேரளத்திலேயே உருவாக்கப்பட்ட இயந்திர மனிதன் கொண்டுவரப்பட்டான். கொச்சியிலிருந்து கடற்படையினரும் வந்து சேர்ந்தார்கள். மனிதர்கள் முன்னேற முடியாதபடி சுரங்கத்துக்குள் குப்பை மலையாகக் குவிந்திருந்தது. மூன்றாம் நாள் காலை, ஸ்டேஷனைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், தகரப்பறம்பில் ஓடை வெளிச்சத்துக்கு வரும் இடத்தில் அவருடைய உடல் கிடைத்தது.

அந்த மூன்று நாட்களுக்குள்ளேயே வாக்குவாதமும் தொடங்கிவிட்டது. சுரங்கம் ரயில்வேயின் நிலத்துக்குள் இருப்பதால் சுத்தம் செய்யும் பொறுப்பு அவர்களுடையதே என்றும், உள்ளே நுழைய அனுமதி கிடைப்பதில்லை என்றும் மாநகராட்சி சொல்லிற்று. குப்பை நகரத்திலிருந்து மிதந்து வருகிறது, அதைத் தடுக்கவேண்டியவர்கள் மாநகராட்சியார் என்று ரயில்வே சொல்லிற்று. ஓடையின் மற்றப் பகுதிகளுக்கு நீர்ப்பாசனத் துறை என்று மூன்றாவது ஸ்தாபனமும் உண்டு. கேரள உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் ஒரே அறையில் நிறுத்தவேண்டியதாயிற்று. அவரவர் சொன்னதில் பொய் இல்லை என்பதே இதிலுள்ள பெரும் சோகம். குப்பை மேலேயிருந்து வந்தது உண்மை. சுரங்கம் ரயில்வேயின் அடியில் இருப்பதும் உண்மை. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் நியாயம் பேசக்கூடிய விதத்தில்தான் ஓடை பங்கு போடப்பட்டிருக்கிறது. பாகப்பிரிவினையில் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு வயலை எடுத்துக்கொண்டு, தாயாரை யார் வைத்துக்கொள்வது என்று பஞ்சாயத்து கூட்டும் வீட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

பரிகாரம் தேடப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டு, தம்பானூர் அடிக்கடி மூழ்குவதைக் கண்ட மாநில அரசு, தலைமைச் செயலர் ஜிஜி தாம்சன் முன்னின்று நடத்த, ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் பெயரில் ஒரு காரியத்தை ஆரம்பித்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு, வடிகால்களின் மேல் கட்டப்பட்டிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றி, அடைபட்ட மதகுகளைத் திறந்தார்கள். பல துறைகளுக்குப் பிரிந்து கிடந்த அதிகாரம் சில மாதங்களுக்காவது ஒரு கையில் சேர்ந்தது என்பதுதான் அந்த முயற்சியின் விசேஷம். அதற்குப் பலனும் கிடைத்தது. ஆனால் பேரிடர்ச் சட்டம் என்பது பேரிடரின் போது எடுக்கும் ஆயுதம். ஆண்டு முழுவதும் ஓடும் நீருக்கு நிரந்தரமான பாதுகாவலர் தேவை. உத்தியோகஸ்தர் மாறினார், உற்சாகம் தணிந்தது, ஓடை பழைய நிலைக்குத் திரும்பியது. நம் நாட்டில் நல்ல காரியங்கள் பெரும்பாலும் தனி மனிதரின் ஆயுளை உடையவையாக இருப்பது வருந்தத்தக்கது.

இதில் மலையாள நாட்டைக் குறைகூறும் யோக்கியதை தமிழ்நாட்டாருக்கு இல்லை. மதுரையில் கூடலழகர் கோயிலைச் சுற்றி ஓடிய கிருதுமால் நதியை, மதுரையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞரிடம் காட்டினால் அதை நதியென்று அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் மேலேயே தூண்களை நட்டு ரயில் விட்டிருக்கிறோம். நீரின் வழி புறம்போக்கு. புறம்போக்கு என்பது விலையில்லாத நிலம். விலையில்லாத நிலத்தின் வழியே ரோடோ ரயிலோ போட்டால் நஷ்டஈடு கொடுக்கவேண்டியதில்லை என்னும் கணக்கு நம் நகர நிர்மாணிகளின் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது.

லண்டன் நகரத்தாரும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களே. தேம்ஸ் நதியில் கலந்த ஃப்ளீட் என்னும் ஆற்றை, அது நாற்றமெடுத்த பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக மூடி மேலே சந்தையும் தெருவும் அமைத்தார்கள். 1862ஆம் ஆண்டு, உலகத்தின் முதல் பாதாள ரயிலுக்காக நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, அடைபட்டுக் கிடந்த ஃப்ளீட் சுவரை உடைத்துக்கொண்டு ரயில் பள்ளத்துக்குள் பாய்ந்தது. மூடி வைத்த நீர் ஒழிந்துபோவதில்லை என்பதை அவ்வூர் அன்று அறிந்தது. ஓடையும் ரயிலும் ஒரே பள்ளத்துக்குப் போட்டியிட்ட கதை தம்பானூருக்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் நடந்து முடிந்திருந்தது.

மூடியதைத் திறந்ததற்கு உதாரணமாக எல்லோரும் எடுத்துக் காட்டுவது தென்கொரியாவின் சோல் நகரம். அங்கே சியோங்கியெச்சன் என்னும் ஓடையை 1958 முதல் கான்கிரீட்டால் மூடி, அதன்மேல் உயரமான மேம்பாலச் சாலையும் கட்டினார்கள். 2003ஆம் ஆண்டு அந்தச் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005ஆம் ஆண்டு சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். புகைப்படங்களில் அது மனோகரமாக இருக்கிறது. ஆனால் அங்கே ஓடும் நீரில் பெரும்பகுதி, ஹான் நதியிலிருந்து தினமும் பல்லாயிரம் டன் கணக்கில் இயந்திரத்தால் இறைத்து விடப்படும் நீர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவனந்தபுரத்துக்கு அத்தகைய அலங்காரம் வேண்டியதில்லை. இரண்டு மழைக்காலங்களும் குன்றுகளின் சரிவும் உள்ள ஊருக்கு, வேறொரு நதியிலிருந்து நீர் இறைத்து ஓடை விளையாட்டுக் காட்டவேண்டிய அவசியமே இல்லை. வருகிற நீரை வரவிட்டால் போதும். ஓடைக்கரையில் வண்ண விளக்கும் நடைபாதையும் போட்டு அடிக்கல் நாட்டும் திட்டங்களை என் மனம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. கழிவு கலப்பதை நிறுத்தாமல் கரையை அலங்கரிப்பது, பெரும்பாலும் கரையோர நிலத்தின் விலையை உயர்த்தும் காரியமாகவே முடிகிறது.

ஆக்கிரமிப்பை அகற்றுவது என்று பேச்சு எழும்போதெல்லாம் முதலில் யாருடைய வீடு இடிபடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓடைக்கரையில் குடிசை போட்டவர்கள், நகரத்தின் தெருவைப் பெருக்குகிறவர்களும், மூட்டை தூக்குகிறவர்களும், வீட்டு வேலை செய்கிறவர்களுமே. வேறு நிலம் கிடைக்காமையால் வெள்ளம் வரும் நிலத்தில் அவர்கள் குடியேறினார்கள். அவர்களை அகற்றுவதற்கு ஒரு புல்டோசரும் ஒரு நாளும் போதும். ஓடையின் மேல் பலகை பாவி வாகனம் நிறுத்தும் வணிகக் கட்டடத்தை அசைப்பதற்கோ நீதிமன்றப் படிகள் பல ஏறி இறங்க வேண்டும். அதனால் எளிதானது முதலில் நடக்கிறது, கடினமானது நடக்காமலே போகிறது. வெள்ளம் மட்டும் குறைவதில்லை. போனக்காட்டு லயத்தில் இருப்பவனுக்கும் இங்கே ஓடைக்கரையில் இருப்பவனுக்கும் உள்ள உறவு எனக்கு இந்த இடத்தில்தான் புலப்படுகிறது. நீரைக் காக்கும் பாரம் எப்போதும் கையில் காசில்லாதவன் தலையில் ஏற்றப்படுகிறது. மேலே அவன் காட்டைத் தொடக்கூடாது. கீழே அவன் கரையை விட்டுப் போகவேண்டும். இரண்டுக்கும் நடுவே, குழாயைத் திறந்து குளித்துவிட்டுக் கழிவை ஓடைக்குள் விடுகிற நாம் எந்த விதிக்கும் அகப்படுவதில்லை.

செய்யவேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவற்றைச் சொல்லி விடுகிறேன். அப்சர்வேட்டரிக் குன்றின் சரிவு முதல் வேளிப் பொழி வரை அந்த ஓடை முழுவதும் ஒரே அதிகாரியின் பொறுப்பில், சட்டப்படி, நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். அது ரயில்வே நிலத்தின் அடியில் ஓடினாலும் சரி, மாநகராட்சித் தெருவின் ஓரம் ஓடினாலும் சரி, உள்ளே நுழையவும் உத்தரவிடவும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும். மத்திய அரசின் நிலத்தில் மாநில அதிகாரி நுழைவதா என்னும் கௌரவப் பிரச்சினை எழும், எழட்டும். அதைத் தீர்ப்பதற்கு ஓர் ஒப்பந்தம் போதும், மற்றுமொரு மரணம் வேண்டியதில்லை. முத்தத்தறையில் நாளொன்றுக்கு 107 மில்லியன் லிட்டர் கழிவைச் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் 2013ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஓடைக்குள் கழிவுக்குழாய் திறந்திருக்கும் வீடுகளையும் ஹோட்டல்களையும் அலுவலகங்களையும், அரசாங்க அலுவலகங்கள் உள்பட, ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துப் பாதாளச் சாக்கடையில் இணைப்பது பெரிய கட்டடம் எழுப்புவது போன்ற புகழ் தரும் வேலையன்று. அதனாலேயே அது தள்ளிப் போகிறது. திறக்கக்கூடிய இடங்களில் பலகைகளைப் பெயர்த்து ஓடையைத் திறந்துவிட வேண்டும். ஸ்டேஷனைப் போலத் திறக்கவே முடியாத இடத்தில், மனிதர் இறங்கவேண்டிய அவசியம் நேராதபடி, சுரங்கத்தின் முகப்பிலேயே குப்பையை வாரி எடுக்கும் இயந்திர ஏற்பாடும், சுரங்கத்தை அகலப்படுத்தும் வேலையும் நடக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவை யார் தருவது என்று கேட்பவர்கள், ஆண்டுதோறும் தம்பானூர் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து போகும் நஷ்டத்தை யார் தருகிறார் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

தகுந்த பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் கழிவுநீர்க் குழாய்களுக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விக்கக் கூடாதென்று 2013ஆம் ஆண்டு பார்லிமெண்டே சட்டம் இயற்றியிருக்கிறது. நகரத்துக் கழிவு முழுவதையும் சுமந்துசெல்லும் ஓடைச் சுரங்கத்துக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா, இல்லையா என்னும் நுட்பமான விவாதத்துக்கு வக்கீல்கள் இடம் கொடுக்காமல், அரசே ஓர் உத்தரவினால் அதை உறுதி செய்துவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் முடிவதற்குள், இடவப்பாதி இறங்குமுன், சுரங்கத்தின் இரு வாயிலும் எவ்வளவு வண்டல் எடுக்கப்பட்டது, எந்த இயந்திரம் எடுத்தது, எந்த அதிகாரி பார்வையிட்டார் என்னும் விவரத்தைப் பலகையில் எழுதி ஸ்டேஷன் வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் வைக்கவேண்டும் என்று கேட்கிறேன். தமிழிலும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து அந்த ஸ்டேஷனில் இறங்கும் தமிழரும், போனக்காட்டிலிருந்து பஸ் ஏறிப் பாக்கிச் சம்பளத்துக்காகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு வரும் தமிழரும் அதைப் படித்துப் பார்க்கும் உரிமை உள்ளவர்கள். நகரத்துக் குழாய்க்கு நீர் கொடுக்கிற காட்டைக் காத்து நிற்பவர்களில் போனக்காட்டுத் தமிழரும் உண்டு.